சிவராத்திரியே வராத சிவராத்திரிப் படம்

சிவராத்திரி இரவு பதினொரு மணி தாண்டினால், திருகோணமலையில் எந்த ஒழுங்கையால நடந்தாலும் ஒரு வீட்டிலயாவது நாகேஷின் குரல் கேட்கும். கோவிலில் இரண்டாம் சாமப் பூசை முடிந்திருக்கும். லிங்கோற்பவத்துக்கு இன்னும் நேரம் கிடக்கும். காலையிலிருந்து சாப்பாடு இல்லை, கண் சொருகுது, சின்னன்கள் பாயில சரியத் தொடங்கீட்டுதுகள். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருத்தர் 'திருவிளையாடல்' போடுவார். தருமி மண்டபத்துக்குள்ள நின்று தனியப் புலம்பத் தொடங்க, சரிஞ்ச சின்னன்கள் எழும்பி இருக்குங்கள். வசனம் எல்லாருக்கும் பாடம். ஆனாலும் சிரிப்பு வரும்.

எங்களில் ஒருத்தர் போன வருசம் அந்த நேரத்தில் ஒரு கேள்வி கேட்டார். இந்தப் படத்தில சிவராத்திரி எங்க வருது?

வரவே இல்லை. பிறகு ஒருநாள் பகலில், நித்திரைக் கண் இல்லாமல், படத்தை முழுதாகத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். சிவராத்திரிக்கு என்று எங்கட சமயபாடப் புத்தகங்கள் சொல்லித்தருகிற கதைகள் இரண்டு: பிரமாவும் விஷ்ணுவும் அடிமுடி தேடியது, புலிக்குப் பயந்து மரத்தில் ஏறிய வேடன் இரா முழுக்க இலை பறித்துப் போட்டது. இரண்டுமே படத்தின் கதைகளில் இல்லை. படம் வெளியானது 1965 யூலை 31. அது ஆடி மாதம். மாசிச் சிவராத்திரி வர ஏறக்குறைய ஏழு மாதம் கிடந்தது. ஆக, இது சிவராத்திரிக்காக எடுத்த படமும் இல்லை, சிவராத்திரிக்கு வந்த படமும் இல்லை. அப்படியென்றால் அந்த இரவு இந்தப் படத்தை எப்படிப் பிடித்தது?

முதலில் இந்த விடுமுறையைப் பாருங்கோ. தீபாவளிப் படம் என்று ஒன்று இருக்கு, பொங்கல் படம் என்று ஒன்று இருக்கு. புதுச்சட்டையோட, கையில் கொஞ்சம் காசோட சனம் வெளிக்கிடுகிற நாட்கள் அவை. தயாரிப்பாளர்கள் அதற்குத் திகதி குறிப்பார்கள். சிவராத்திரிப் படம் என்று யாரும் திகதி குறித்ததில்லை. விரத நாளில் யார் தியேட்டருக்கு வருவார்? இலங்கையில் அது அரசாங்க விடுமுறை, வங்கி விடுமுறை. வர்த்தக விடுமுறை இல்லை. கடைகள் வழமை போலத் திறக்கும். பலகாரம் இல்லை, வெடி இல்லை, உடுப்பு இல்லை. இந்த நாள் எங்களிடம் கேட்பது ஒன்றைத்தான்: நித்திரை கொள்ளாதே. சின்ன வயதில் எங்களுக்கு அதைவிடப் பெரிய கொண்டாட்டம் இருந்ததில்லை. மற்ற எல்லா நாளும் ஒன்பது மணிக்குப் படு படு என்று அதட்டுகிற வீடு, அன்றைக்கு மட்டும் படுத்தால் பேசும்.

ஒரு சின்னப் பண்டிகையும் ஒரு படமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட கதை உலகத்தில் வேறு இடங்களிலும் உண்டு. அமெரிக்காவில் பெப்ரவரி 2ஆம் திகதி ஒரு மர்மொட் அணில் பொந்தை விட்டு வெளியே வந்து தன் நிழலைப் பார்க்குதா இல்லையா என்பதை வைத்து, குளிர் எப்போது போகும் என்று சொல்கிற ஒரு விளையாட்டுத் திருநாள் இருக்கு. 1993இல் பில் மரே நடித்த 'கிரவுண்ட்ஹொக் டே' அந்த நாளை வைத்தே கதை சொன்னது. படம் ஓட ஓட, பென்சில்வேனியாவில் அந்தச் சின்ன ஊருக்கு வருகிற கூட்டமும் பெருகியது. இந்தியாவில் 1975இல் 'ஜெய் சந்தோஷி மா' என்ற ஹிந்திப் படம் வந்தபோது, அதிகம் பேருக்குத் தெரியாமல் இருந்த ஒரு அம்மனுக்கு வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற சனம் பெருகியது. தியேட்டருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்களாம். அந்த இரண்டிலும் படத்துக்குள்ளேயே நாளோ விரதமோ இருக்கு. படம் நாளைத் தூக்கியது. எங்கட கதை எதிர்ப்பக்கமாகப் போகுது. இங்கே நாள் பழையது, நாளுக்குள் ஒரு வெற்றிடம் கிடந்தது, அதற்குள் படம் போய் இருந்துகொண்டது.

அந்த வெற்றிடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிவராத்திரிக்கு நாலு சாமப் பூசை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு, மூன்று மணித்தியாலம். பூசை நேரத்தில் யாருக்கும் நித்திரை வராது. மணிச்சத்தம் இருக்கு, அபிஷேகம் இருக்கு, சனத்தின் நெருக்கு இருக்கு. ஆபத்து நடுவில்தான். அந்த நேரத்துக்கு என்று முன்னோர்கள் வைத்திருந்தவை புராண படனம், கதாப்பிரசங்கம், பண்ணிசை, கிழக்குப் பக்கம் விடிய விடியக் கூத்து. கூத்துக்கு இருந்த ஒரு வசதி, நடுவில் எழும்பிப் போய் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து இருந்தாலும் கதை விளங்கும். எல்லாருக்கும் தெரிந்த கதை. கதையில் என்ன நடக்கும் என்று பார்க்க ஒருத்தரும் வருவதில்லை. இன்றைக்கு ஆடுகிறவர் எப்படி ஆடுகிறார் என்று பார்க்கத்தான் சனம் வந்தது.

இப்போது ஏ. பி. நாகராஜனிடம் வருவோம். படத்தை எழுதி, இயக்கி, தயாரித்தவர் அவர். சின்ன வயதிலேயே டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து மேடையில் வளர்ந்தவர். 'பராசக்தி' (1952) வந்த பிறகு தமிழ் சினிமாவில் சமூகப்படங்களின் கை ஓங்கி, புராணப் படங்கள் பழங்கதையாகிக்கொண்டிருந்த காலத்தில் இவர் திரும்பப் புராணத்தைத் தூக்கினார், அதுவும் வண்ணத்தில். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 64 விளையாடல்கள். அதில் தருமிக்குப் பொற்கிழி அளித்தது 52ஆவது, விறகு விற்றது 41ஆவது, வலை வீசியது 57ஆவது. வரிசையைப் பற்றி நாகராஜன் கவலைப்படவில்லை. தக்கன் யாகக் கதையையும் சேர்த்து நாலாக்கி, மாம்பழத்துக்காகக் கோவித்துக்கொண்டு பழனிக்குப் போன முருகனுக்குத் தாய் சொல்கிற கதைகளாக அவற்றைக் கோர்த்தார்.

நாலு கதை. இரண்டரை மணித்தியாலம். ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். நாலு சாமத்துக்கு நாலு கதை என்று நாகராஜன் திட்டம் போட்டிருக்க மாட்டார், அது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயல்தான் படத்தைக் கோவில் இரவுக்குப் பொருத்தியது. தக்கன் கதை நடக்கும்போது அம்மா எழும்பிக் கோவிலுக்குப் போவா. திரும்பி வரும்போது ஹேமநாத பாகவதர் பாடிக்கொண்டிருப்பார். எதையும் தவறவிட்டதாக அவவுக்குத் தோன்றாது. திரையில் இருந்தாலும் இது கூத்தின் கட்டுமானம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். ஆட்கள் வருகிறார்கள், தாங்கள் யார் என்று சொல்கிறார்கள், வாதாடுகிறார்கள், பாடுகிறார்கள், போகிறார்கள். கமரா பெரும்பாலும் முன்னால் இருந்து பார்க்குது. சினிமாப் பாடம் படித்த ஆட்கள் இதைக் குறையாகச் சொல்லலாம். அடுப்படியில் நின்று காதால் மட்டும் கேட்கிற ஆளுக்கு அது பெரிய வசதி. கண்ணை மூடிக்கொண்டும் பார்க்கக்கூடிய படம் இது. கோவில் திருவிழாக்களில் படத்தின் வசனத்தை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டுவிட்ட ஒரு காலமும் இருந்தது.

வசதி மட்டும் காணாது என்றும் சொல்லத்தான் வேண்டும். நாகராஜன் இரண்டு வருசம் கழித்து 'திருவருட்செல்வர்' எடுத்தார். அதே சிவாஜி, அதே கே. வி. மகாதேவன் இசை, அதேபோலத் தனித்தனிக் கதைகள். அப்பராக சிவாஜி கிழவராகி நடுங்குவதைப் பார்த்தால் கல்லும் கரையும். சைவ சமய அளவுகோலால் அளந்தால் அதுதான் சிவராத்திரிக்குப் பொருத்தமான படம். ஆனால் நடுச்சாமத்தில் அதை யாரும் போடுவதில்லை. காரணம் எளிது என்று எங்களுக்குப் படுகுது: அதில் அடியார்கள் அழுகிறார்கள். 'திருவிளையாடல்'இல் எல்லாரும் சண்டை பிடிக்கிறார்கள். தகப்பனோடு பிள்ளை, புருசனோடு பெண்சாதி, மாமனோடு மருமகன், பாட்டுக்காரனோடு பாட்டுக்காரன், கடைசியில் கடவுளோடு புலவன். நித்திரை வருகிற ஆளுக்கு அழுகை தாலாட்டு. சண்டை வேறு. ஒழுங்கையில் சண்டை என்றால் யார் வீட்டில் நித்திரை கொள்வார்கள்?

தருமியின் கதையை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பாண்டியனுக்கு ஒரு சந்தேகம்: பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா? தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன். வறுமைப்பட்ட தருமிக்கு இறைவன் ஒரு பாட்டு எழுதிக் கொடுக்கிறார். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டாக, இறையனார் பெயரில், இன்றைக்கும் இருக்கிற பாட்டு அதுதான். சபையில் நக்கீரர் அதில் பிழை பிடிக்கிறார். எழுதியவர் யார் என்று தெரிந்த பிறகும் பிழை பிழைதான் என்கிறார். நக்கீரராக நடித்தது நாகராஜனே. எழுதிய ஆளே வந்து, தான் எழுதிய கடவுளைப் பார்த்து உன் பாட்டு பிழை என்று சொல்கிற காட்சி!

நாகேஷ் அந்தத் தனிப் புலம்பலை ஒன்றரை நாளுக்குள் நடித்து முடித்ததாகவும், சிவாஜி அதைப் பார்த்துவிட்டு ஒன்றையும் வெட்டவேண்டாம் என்று சொன்னதாகவும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். படத்தின் நாயகனை விடத் தருமி பெரிய ஆளாகத் தெரிகிற காட்சி அது. காசு இல்லாத, திறமையும் இல்லாத, ஆனால் ஆசை மட்டும் நிறைய இருக்கிற ஒரு ஆள். வேலை தேடி விண்ணப்பப் படிவம் நிரப்புகிற எங்கட வயதுக்காரருக்கு தருமியை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வலை வீசுகிற கதை திருகோணமலையில் வேறு மாதிரிப் பார்க்கப்படுகுது. சாபத்தால் பார்வதி மீனவர் குடியில் பிறக்கிறா. கடலைக் கலக்குகிற ஒரு பெரிய சுறாவை அடக்க இறைவன் மீனவனாக வருகிறார். தமிழ்நாட்டில் பருவதராசகுலம் என்று தங்களைச் சொல்கிற மீனவர்கள், பார்வதி தங்கட வீட்டுப் பிள்ளை என்பதற்கு இந்தக் கதையைத்தான் காட்டுவார்கள். இங்கே, துறைமுகத்துக்குள்ளேயும் வெளியேயும் தொழில் செய்கிற சனத்துக்கு நடுவில் இருந்து இதைப் பார்த்தால், பக்தி ஒரு கண்ணிலும் தொழில் மற்றக் கண்ணிலும் நிற்கும். வலையை இப்படியா பிடிக்கிறது, உந்தச் சுறா எந்தக் கடையில வாங்கினது என்று பின்னால் இருந்து ஒரு குரல் வரும். சுறா பொம்மைதான், அதை ஒளிக்கவும் முடியவில்லை. ஆனால் சிவாஜி கடற்கரையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்து வருகிற அந்த நடைக்கு இங்கே ஒருத்தரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. விறகு சுமக்கிற கடவுளும் வலை இழுக்கிற கடவுளும் இந்தப் படத்தில்தான் இருக்கு. கைலாசத்தில் இருக்கும்போது விறைத்துப்போய் இருக்கிற சிவன், கூலிக்காரனாக வந்தவுடன் உயிர் பெறுகிறார். சிவாஜிக்கும் அதுதான் பிடித்திருக்கும் போல.

இனி அந்த இரவு இந்த ஊரில் என்னவாக இருந்தது என்பதற்கு வருவோம். எங்களுக்கு நினைவு தெரிந்த சிவராத்திரிகள் எல்லாம் யுத்தம் முடிந்த பிறகு வந்தவை. கோணேசர் கோவிலுக்கு நடுச்சாமத்தில் நடந்து போனோம், கோட்டை வாசலைத் தாண்டி, மான்கள் படுத்துக் கிடக்கிற புல்தரையைத் தாண்டி. எங்களுக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அப்படி இல்லை. கோவில் இருப்பது இராணுவம் நிற்கிற கோட்டைக்குள். அங்கே போவதற்குச் சோதனை, வருவதற்குச் சோதனை. ஊரடங்கு போட்டால் அதுவும் இல்லை. இரவுத் தொழிலுக்குக் கடலில் தடை வந்த காலங்களும் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கட கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு, பொழுது பட்டால் பிள்ளைகள் படலைக்குள் நிற்க வேண்டும் என்பது சொல்லாமலே எல்லா வீட்டுக்கும் தெரிந்த சட்டம்.

விழித்திருக்க வேண்டும், ஆனால் வெளியே போக ஏலாது. இதுதான் அந்த வருசங்களின் சிவராத்திரி. 1982இல் ரூபவாஹினி வந்ததோடு வீடுகளுக்குள் தொலைக்காட்சி வந்தது, பின்னாலேயே டெக் வந்தது. மூன்று நாலு வீட்டுச் சனம் ஒரு வீட்டில் கூடுவது, கசெட் வாடகைக்கு எடுப்பது, கரண்ட் இல்லாவிட்டால் ஜெனரேட்டருக்குக் காசு சேர்ப்பது எல்லாம் பெரியவர்கள் சொல்லி எங்களுக்குத் தெரியும். 1972இலிருந்து படங்களை இறக்குமதி செய்வது அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தது. புதுத் தமிழ்ப்படம் நினைத்த உடனே வந்துவிடாது. யுத்தம் அதை இன்னும் இறுக்கியது. பழைய படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது இங்கே ரசனையால் மட்டும் வந்த பழக்கம் இல்லை. இருந்தது அதுதான். கோவிலில் நடக்க வேண்டிய இரவு ஒரு வீட்டின் விறாந்தைக்குள் வந்து ஒடுங்கியபோது, அதைச் சனத்தோடு சேர்த்து விடியும் வரை கொண்டுபோகத் தெரிந்த படம் ஒன்று கையில் இருந்தது. தமிழ்நாட்டில் 'திருவிளையாடல்' வெள்ளிவிழாக் கொண்டாடிய படம், தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் பெற்ற படம், 2012இல் டிஜிட்டலாக்கித் திரும்பத் தியேட்டருக்கு வந்த படம். அங்கே அது கிளாசிக் ஆனதற்கு அந்தக் காரணங்கள் காணும். இங்கே காரணம் விறாந்தைதான் என்பது எங்கட எண்ணம்.

இதற்கு எதிராக ஒரு வாதம் இருக்கு, அதையும் சொல்லத்தான் வேண்டும். படம் பார்த்து விழித்திருப்பது விரதமா? வருசா வருசம் யாரோ ஒரு பெரியவர் இதைக் கேட்பார். சினிமாக்காரனின் முகத்தைச் சிவன் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் வளருதுகள் என்பார். பிழையான கதை இல்லை. எங்களில் பலருக்குச் சிவன் என்றால் முதலில் மனதில் வருவது நீலச்சாயம் பூசிய சிவாஜியின் முகம்தான். புராணத்தில் 64 இருக்கு என்பதே பிறகுதான் தெரியும்.

ஆனால் பழசு, புதுசு என்று பிரிக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். சம்பந்தர் பாடிய கோணேசர் கோவிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதற்குப் பிறகு முந்நூறு வருசத்துக்கு மேலே அந்த மலையுச்சியில் கோவில் கட்டடம் இல்லை. வழிபாட்டைத் தம்பலகாமத்து ஆதிகோணேசர் கோவில் காத்து வந்தது. கடலுக்கடியில் கிடந்த கோவில் கற்களை மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் 1950களில் சுழியோடிப் பார்த்தார்கள். (அதே வில்சன்தான் 1962இல் முதலாவது முழுநீள வண்ணச் சிங்களப் படமான 'ரன் முத்து தூவ'வை எடுத்தவர் என்பது இந்த ஊர்க்காரர் பலருக்கே தெரியாது.) இப்போது நாங்கள் கும்பிடுகிற கோவிலுக்குக் கும்பாபிசேகம் நடந்தது 1963இல். படம் 1965. மலையுச்சியில் புதுக் கோவிலில் நாலு சாமமும் சனம் விழித்திருக்கிற வழக்கமும், அந்தப் படமும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர். ஒன்றை ஆதிகாலத்தது என்றும் மற்றதை நேற்று வந்தது என்றும் சொல்ல எங்களுக்கு வாய் வருகுதில்லை.

வேடனின் கதையையும் மறக்கக்கூடாது. அவன் விழித்திருந்தது பக்தியால் இல்லை, கீழே புலி நின்றதால். இலை பறித்துப் போட்டது பூசைக்கு இல்லை, நித்திரை தூங்கி விழாமல் இருக்க. கீழே லிங்கம் இருந்ததே அவனுக்குத் தெரியாது. அவனுக்கு மோட்சம் கிடைத்தது என்றுதான் சமயபாடத்தில் எங்களுக்குப் பரீட்சைக்கு எழுதச் சொன்னார்கள், நாங்களும் எழுதிப் புள்ளி வாங்கினோம். அந்த வேடனை ஏற்றுக்கொள்கிற ஒரு விரதம், நாகேஷைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு விழித்திருக்கிற ஒரு எட்டு வயதுப் பிள்ளையை எந்தக் கணக்கில் தள்ளிவைக்கும்?

இப்போது நிலைமை திரும்ப மாறுது. டெக் இல்லை, கசெட் இல்லை. சிவராத்திரிக்குப் படத்தை ஏதோ ஒரு தொலைக்காட்சி போடும், யூடியூப்பில் எந்த நேரமும் கிடக்கு. தருமி காட்சி மட்டும் வெட்டித் துண்டாகக் கிடக்கு, மூன்று நிமிசத்தில் பார்த்து முடிக்கலாம். போன சிவராத்திரிக்கு நாங்கள் ஒரு வீட்டு முற்றத்தில் வெள்ளை வேட்டி கட்டிப் புரொஜெக்டரில் போட்டோம். வந்தது இருபது பேர் மட்டில. பாதிப்பேர் போனோடுதான் இருந்தார்கள். பாணபத்திரர் வரும்போது காற்றுக்கு வேட்டி ஆடி, டி. ஆர். மகாலிங்கத்தின் முகம் நெளிந்தது. மூன்றாம் சாமத்துக்கு மணி கேட்டதும் பெரியவர்கள் எழும்பிப் போனார்கள். படத்தை நிறுத்துவமோ என்று கேட்டோம். நிறுத்த வேண்டாம், வந்து மிச்சத்தைப் பார்க்கிறம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.